கார்புரேட்டர் பெட்ரோல் வாய்: அடித்துச் செருகிய குழாயா, மரை போட்ட இணைப்பா?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். பழைய கார்புரேட்டர்கள் பலவற்றில், பெட்ரோல் உள்ளே வரும் மூடியில் உள்ள பித்தளைக் குழாய் வெறுமனே அடித்துச் செருகப்பட்டதுதான். சூடாகி ஆறும்போது பித்தளையும் மூடியின் உலோகமும் ஒரே அளவில் விரிவதில்லை. அதிர்வும் சேர, பிடி தளரும். ஹோஸ் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, ஹோஸோடு குழாயே கழன்று வரும். பம்ப் அழுத்தம் குறைவுதான், ஆனால் பெட்ரோல் கொட்டுவது சூடான இன்ஜின் மேல். பெட்ரோல் தாங்கும் பசை வைத்து மறுபடி செருகலாம். எளிது, ஆனால் பிடிப்பு முழுக்கப் பசையை நம்பியது.

வீட்டிலேயே கட்டும் காருக்கு நான் மரையைத்தான் சொல்வேன், அதாவது பழைய குழாயை எடுத்துவிட்டு, அந்தத் துளையில் மரை வெட்டி, மரையுள்ள இணைப்பைத் திருகுவது. மூடியைக் கழற்றி, ஃப்ளோட்டையும் (பெட்ரோலில் மிதக்கும் மிதவை) நீடில் வால்வையும் (மிதவை உயரும்போது பெட்ரோல் வரத்தை மூடும் ஊசி) எடுத்துவிட்டு, மரை வெட்டும் கருவியான டேப்பில் கிரீஸ் தடவிக் கையாலேயே மரை போடுங்கள். துகள்கள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். ஒரு துகள் நீடில் வால்வில் சிக்கினாலும் பெட்ரோல் நிரம்பி வழியும். கூம்பு மரை வேண்டாம், இறுக்கும்போது வார்ப்பு மூடி விரிசல் விடும். நேர் மரையும் வாஷரும் போதும். மரையில் சுற்றும் டெஃப்லான் நாடாவும் கூடாது, அதன் இழை பிய்ந்து வால்வை அடைக்கும்.

துளையைச் சுற்றி உலோகம் மெலிதாக இருந்தால் மட்டும் பசைதான் வழி.