நல்ல பிரிண்டர் கேபிள்தான், ஆனால் வாங்காதீர்கள்

டன்லப் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நண்பர், "அந்தச் சாம்பல் நிறக் கேபிள் எப்படி, எனக்கும் ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை.

அது சீரியல் கேபிள், அதாவது எழுத்துகளை ஒவ்வொரு பிட்டாக அனுப்புவது. ஒரு முனை 9 பின், மறுமுனை 25 பின். எங்கள் கடையில் பில் கம்ப்யூட்டருக்கும் அடுப்படி பிரிண்டருக்கும் நடுவே வருடக்கணக்காகக் கிடந்தது. எண்ணெய், நீராவி, மிதி எல்லாம் பட்டும் உறை வெடிக்கவில்லை, திருகு துருப்பிடிக்கவில்லை. உழைப்பில் குறை சொல்ல முடியாது.

ஆனால் பெரிய ஆர்டர் விழுந்தால் நடுவில் நாலு வரி காணாமல் போகும். "மீ கோரெங்" என்பது "மீ கோ" என்று அறுந்து, அதே வரியில் "தே ஹாலியா 3" ஒட்டிக்கொண்டு வரும். மாஸ்டர் என்னைத்தான் முறைப்பார்.

நொடிக்கு 9600 பிட் வேகத்தில் 960 எழுத்து போகிறது. ரிப்பன் பிரிண்டர் அடிப்பதோ நொடிக்கு நாலைந்து வரி. (அடுப்புச் சூட்டில் தெர்மல் தாள் கறுத்துவிடும், வேறு வழியில்லை.) பஃபர், அதாவது வந்த எழுத்துகள் காத்திருக்கும் நினைவகம், நிரம்பியதும் பிரிண்டர் தன் 20ஆம் பின்னில், அதாவது 'நான் தயார்' என்று சொல்லும் டிடிஆரில், 'பொறு' என்கிறது. அது கம்ப்யூட்டர் பக்கம் 8ஆம் பின்னான சிடிஎஸ்ஸுக்கு ('அனுப்பலாம்' என்ற அனுமதி வரும் பின்) வந்து சேர வேண்டும். இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். 20க்கும் 8க்கும் சத்தமே இல்லை. 7க்கும் 8க்கும் பீப்! கம்ப்யூட்டர் 'அனுப்பட்டுமா' என்று கேட்கும் 7ஆம் பின்னான ஆர்டிஎஸ்ஸையும் சிடிஎஸ்ஸையும் கேபிளின் தலைக்குள்ளேயே முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தன் சிக்னலையே பிரிண்டரின் சம்மதமாக எடுத்துக்கொண்டு கொட்டிக்கொண்டே இருக்கிறது. அட்டையில் மட்டும் 'முழு சீரியல்' என்று பெரிய எழுத்து.

சரி, நியாயமும் பேச வேண்டும். மூன்று கம்பி போதும் என்கிற வழி உண்டு, எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப். பிரிண்டர் 19 என்ற குறியீட்டை அனுப்பினால் நிறுத்து, 17 என்றால் தொடரு. பிரிண்டரின் டிப் சுவிட்சையும் (அமைப்பை மாற்றும் குட்டி சுவிட்சுகள்) மென்பொருள் அமைப்பையும் மாற்றியதும் பெரும்பாலும் சரியானது. முழுதாக இல்லை. நடுவே, கம்ப்யூட்டரின் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் கன்வெர்ட்டர் இருக்கிறதே! அந்த 19 கம்ப்யூட்டரை எட்டுவதற்குள், கன்வெர்ட்டருக்குள் காத்திருந்த எழுத்துகள் வெளியே போய்விடுகின்றன.

அப்புறம் சிம் லிம் டவரில் எல்லாப் பின்னும் இணைத்த கேபிள் ஒன்று வாங்கினேன். இப்போது ஒரு வரிகூட விழுவதில்லை. ஆனால் உறை மட்டம், வளைத்தால் வெளுக்கிறது. பழையதைப் போலவே உழைக்கிற கேபிள், அந்த விட்டுப்போன ஒரே ஒரு கம்பியும் சேர்ந்து, எங்காவது கிடைத்தால் சொல்லுங்கள், உங்களுக்கும் சேர்த்து நானே வாங்கிவிடுகிறேன்.