புலி இறாலா, வனாமியா? தாய் இறால் வாங்கும் முன்

சென்னையை அடுத்த கோவளத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் ஒரு பருவம் வனாமி என்ற வெளிநாட்டு இறாலை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் புலி இறாலுக்கே வந்துவிட்டோம்.

வனாமியின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2009இல் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்ததிலிருந்து பண்ணைக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். அதன் நோயற்ற தாய் இறால் நீலாங்கரைத் தனிமைப்படுத்தல் மையத்தில் பரிசோதனை முடிந்து வருகிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கும் புலி இறாலையோ ஒவ்வொன்றாக, இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரசுக்குச் சோதிக்க வேண்டும்.

என் மனத்தை மாற்றியது விந்து. இறாலின் விந்தணுவுக்கு வால் இல்லை, நீந்தாது. முட்டை வெளிவரும் நொடியில் அது பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். வனாமி ஆண் தன் விந்துப் பொதியைப் பெண்ணின் அடிப்புறத்தில் வெளியே ஒட்டிவிடுகிறது. சில மணி நேரத்தில் அதே இரவு முட்டை. பொதி நழுவினால் அத்தனை முட்டையும் வீண். அடுத்த முட்டைக்கு மறுபடியும் ஆண் வேண்டும். அதனால் ஆண்களையும் பெண்களுக்குச் சமமாக வளர்க்க வேண்டும். தண்ணீர் சூடேறினால் ஆணின் விந்துதான் முதலில் கெடுகிறது, பொதி கறுத்துப்போகும். சென்னை மே மாதத்தில் தொட்டியை 28 டிகிரியில் நிறுத்த நாங்கள் கட்டிய மின்கட்டணம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

புலி இறால் பெண்ணுக்குக் கடைசி நடைகால்களின் நடுவே விந்தைச் சேமிக்கும் மூடிய பை உண்டு. தோலுரித்து உடல் மென்மையாக இருக்கும் இரவில் ஒரே ஒருமுறை சேர்ந்தால், அடுத்த தோலுரிப்பு வரை அந்த விந்து உயிரோடு இருக்கும். அதற்குள் இரண்டு மூன்று முறை முட்டையிடும். கடலில் பிடித்த தாய் பெரும்பாலும் விந்தோடுதான் வருகிறது.

குறையும் அங்கேதான். தோலுரித்தால் சேமிப்பு மொத்தமும் போய்விடும். கழன்ற ஓட்டைத் திருப்பினால் விந்துப் பொதி அதிலேயே இருப்பதைப் பார்க்கலாம். முதல் ஆண்டில் அதைக் கவனிக்காமல் ஒரு தொட்டி முட்டையை வடிகாலில் விட்டேன். அன்று சாப்பிடவே பிடிக்கவில்லை. இப்போது கண்காம்பில் எண் வளையம் போட்டு, தோலுரித்த தேதியைச் சுவரில் எழுதி வைக்கிறோம்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் இழுவைப் படகுகள் போகாது, புதுத் தாயும் வராது. தொட்டியிலோ ஆண்கள் சரியாகச் சேர்வதில்லை. போன ஆண்டு, தோலுரித்த ஆறு தாய்களுக்கு இடுக்கியால் பொதியைக் கையாலேயே வைத்தோம். நான்கு பிடித்தது. அந்த நான்கை நம்பி உங்களைப் பணம் போடச் சொல்லமாட்டேன்.