போடி இலவம்பஞ்சு மெத்தை: விருந்தாளிக்காக வாங்கி ஒரு வருஷம் ஆச்சு

ராத்தங்க வர்ற சொந்தக்காரங்க எந்த மெத்தையையும் குறை சொல்ல மாட்டாங்க, பிரச்சனையே அதுதான். போன வருஷம் வைகாசில ஒரு கல்யாணத்துக்காக திருநெல்வேலில இருந்து பெரியப்பாவும் அத்தையும் வந்து எங்க சென்னை ஃப்ளாட்ல மூணு நாள் தங்கினாங்க, அவங்களுக்குன்னே ஆன்லைன்ல மூணா மடிக்கிற ஃபோம் மெத்தை ஆர்டர் பண்ணியிருந்தேன், கம்பெனி பேரு வேணாம். காலைல "தூக்கம் வந்துச்சா பெரியப்பா"ன்னு கேட்டா "அதெல்லாம் சொகமா தூங்கினேன்ல, நீ வேலைக்குக் கெளம்பு"ன்னாரு. மறுநாள் ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சுப் பாக்குறேன், மனுசன் மெத்தையை சத்தமில்லாம மடிச்சு செவுத்துல சாச்சுட்டு வெறும் தரைல துண்டை விரிச்சுப் படுத்திருக்காரு.

அவங்க ஊருக்குப் போனப்பறம் நானே ஒரு ராத்திரி அதுல படுத்துப் பாத்தேன். முதுகு வெந்து போச்சு, மடிப்பு வர்ற இடம் கரெக்டா இடுப்புக்கு நேரா வந்து எலும்பு தரைல இடிக்குது. வாங்கின அன்னைக்கே படுத்துப் பாத்திருக்கணும், தப்பு என் மேலதான்.

அப்பறம்தான் ஆபீஸ்ல ஒரு தேனிக்காரர் சொல்லி அவங்க ஊர்ப் பக்கம் போடில, அதான் போடிநாயக்கனூர்ல, ஒரு சின்ன கடைல ரெண்டு இலவம்பஞ்சு மெத்தை சொன்னேன். மூணுக்கு ஆறு, ஒவ்வொண்ணுக்கும் ஒம்பது கிலோ பஞ்சு, ரெண்டும் சேர்ந்து பார்சல் சர்வீஸ் கூலியோட எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. 2023 ஜூன்ல இருந்து சென்னைல இருந்து போடிக்கு ரயிலே ஓடுது, நேர்ல போய் முன்னாடி நின்னு அடைக்கச் சொல்லி வாங்குறதுதான் நல்லது, ஏன்னா மில் கழிவுப் பஞ்சைக் கலந்துடுற கடைங்களும் இருக்கு. நான் ஓரத்துல தையலைக் கொஞ்சம் பிரிச்சு ஒரு கொத்து எடுத்து தண்ணி டம்ளர்ல போட்டுப் பாத்தேன். கழிவுப் பஞ்சுன்னா தண்ணியக் குடிச்சு முங்கிடும், இது விரலால அமுக்கினாலும் மேல வந்து மெதந்துச்சு. இலவம்பஞ்சு நார் உள்ள குழாய் மாதிரி வெறும் காத்துதான், மேல மெழுகுப் பூச்சு வேற, அதனாலதான் ஒரு காலத்துல லைஃப் ஜாக்கெட்டுக்குள்ளயே இதை அடைச்சிருக்காங்க. வேர்வைல நசநசன்னு ஆகாததுக்கும் இதான் காரணம்.

குறைங்களையும் சொல்லிடுறேன். முதல் ஒரு வாரம் தும்மல்தான், உள்ள தூசி, அங்கங்க கொட்டை வேற நெருடுது. கெட்டித் துணில உறை தச்சுப் போட்டப்பறம்தான் தும்மல் நின்னுச்சு. மடிக்க முடியாது, சுருட்டி வச்சா பீரோ பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற மாதிரி இடம் அடைக்குது. தண்ணில துவைக்கவே கூடாது, மாசம் ஒரு தடவை மொட்டை மாடில வெயில்ல போட்டு ரெண்டு பக்கமும் திருப்பித் தட்டணும், தட்டினா புதுசு மாதிரி பொம்முன்னு உப்பிடும், இந்த வேலைக்கு சோம்பல்படுறவங்க வாங்காதீங்க. முக்கியமா கொசுவத்தியை மெத்தை பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க, இந்தப் பஞ்சு டக்குனு தீப்புடிக்கும், நான் ஆல்அவுட்டுக்கு மாறிட்டேன்.

டைல்ஸ் தரைன்னா அடில ஒரு கோரைப்பாய் போட்டுட்டு மெத்தையை விரிங்க, மார்கழில குளிர் ஏறாது, தரையோட ஒட்டாது. தலமாட்டுல ஒரு சொம்பு தண்ணி, பாத்ரூம் லைட் எரியட்டும், போதும்.

கார்த்திகைல பெரியப்பா திரும்ப வந்தாரு. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வாக்கிங் போற ஆளு ஆறரைக்குத்தான் கண்ணு முழிச்சாரு, நான் எதுவும் கேக்கல, காப்பி குடிச்சுக்கிட்டே "இது எங்கலே வாங்கினே, என்ன வெலை"ன்னாரு.

அத்தைக்கு மட்டும் இது சரிப்படல. முட்டிவலி, தரைல உக்காந்தா எந்திரிக்க முடியாது, ரெண்டு மெத்தையையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக் குடுத்தும் சேரைப் புடிச்சுத்தான் எந்திரிச்சாங்க. இப்பல்லாம் அவங்க வந்தா எங்க கட்டிலைக் குடுத்துட்டு நானும் வீட்டுக்காரியும் ஹால்ல இதை விரிச்சுக்கிறோம், அத்தை ஊருக்குப் போனப்பறமும் அவ கட்டிலுக்குத் திரும்ப மாட்டேங்குறா.