கிராண்ட் எக்ஸ்சேஞ்சா, நேரடிப் பேரமா?

விளையாட்டுக்குள் கிடைத்த ஒரு பொருளை விற்க வேண்டும். என்ன விலை சொல்வது? இதற்கு ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டு ஒரு வழி பிடித்தது, பாத் ஆஃப் எக்ஸைல் என்ற இன்னொரு விளையாட்டு நேரெதிர் வழி பிடித்தது.

ரூன்ஸ்கேப்பில் 2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தை வந்தது. விற்பவர் யாரென்றே தெரியாமல் வாங்கலாம். நீங்கள் 120 காசு கொடுக்கத் தயாராக இருந்தும், யாரோ முன்பே 100-க்குப் போட்டு வைத்திருந்தால் பொருள் 100-க்கே கிடைக்கும். மீதி 20 உங்களிடமே திரும்பும். விலை தெரியாத புது ஆளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒருவரே மொத்தமாக அள்ளிவிடாதபடி, நான்கு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் உண்டு.

ஆனால் தொடக்க வருடங்களில், விளையாட்டே காட்டும் வழிகாட்டி விலையிலிருந்து 5% கூட்டவோ குறைக்கவோதான் முடியும். நேரடி வியாபாரத்திலும் இரண்டு பக்க மதிப்பும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். விளைவு வேடிக்கையானது. வழிகாட்டி விலையைவிட உண்மை மதிப்பு கூடிய அரிய தொப்பியை விற்பவர், அதிகக் காசு வாங்கிக்கொண்டு, வழிகாட்டி விலை மட்டும் அதிகமாக இருந்து யாருமே வாங்காத குப்பைகளையும் சேர்த்துக் கொடுத்தார். கணக்கில் சமம், கையில் உண்மையான விலை! 2011 பிப்ரவரியில்தான் இந்தக் கட்டுப்பாடுகள் நீங்கின.

பாத் ஆஃப் எக்ஸைலில் நெடுங்காலம் தனிப்பேரம்தான். டிரேட் என்ற அதன் வணிக இணையதளத்தில் தேடி, விற்பவருக்குச் செய்தி அனுப்பி, அவர் பதில் சொன்னால் போய் வாங்க வேண்டியிருந்தது. பல நேரம் பதிலே வரவில்லை. சிலர் விற்கும் எண்ணமே இல்லாமல் அடிமாட்டு விலைக்குப் போட்டு வைத்தார்கள். அதை நம்பி இன்னொருவர் அதே விலை போட்டதும் பாய்ந்து வாங்கிவிட்டார்கள். இது பேரமே இல்லை, தூண்டில்.

கேயாஸ் ஆர்ப் போல ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாத நாணயங்களுக்கு இந்த அலைச்சல் தேவையே இல்லை என்பது என் கட்சி. 2024 ஜூலையில் அவற்றுக்குத் தனி மாற்றுச் சந்தை வந்தபோது அந்தத் தலைவலி தீர்ந்தது.

ஆயுதம், கவசம் வேறு கதை. ஒவ்வொன்றிலும் குணங்கள் வேறுவேறு, ஒன்றைப் போல இன்னொன்று கிடைக்காது. அங்கே எக்ஸ்சேஞ்ச் பாணி எடுபடாது. அப்புறம் எப்படித்தான் விலை வைப்பது? ஏறக்குறைய அதே குணமுள்ளவற்றைத் தேடி, மிக மலிவான முதல் சிலவற்றை ஒதுக்கிவிட்டு, அடுத்தவற்றில் எது விற்று மறைகிறது என்று பாருங்கள். நாள் கணக்கில் அப்படியே கிடக்கும் விலை, வெறும் ஆசை விலை.