‘எல்லாம் பெட்டைதான்’ என்று விற்கப்படும் கோழிக்குஞ்சுகள்: சேலம், ஏற்காடு பகுதியினர் கவனத்திற்கு

சேலம், ஏற்காடு வட்டாரத்தில் வீட்டுக்கு நாலு கோழி வளர்க்கலாம் என்று எண்ணியிருப்பவர்கள், இருபது நாள் குஞ்சுகளைக் காட்டி ‘இவை அனைத்தும் பெட்டை’ என்று கூடுதல் விலை சொல்பவரிடம் பணத்தை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடந்த ஐப்பசியில் நான் அப்படி 24 குஞ்சுகளை வாங்கினேன். இரண்டு இறந்துபோயின. பிழைத்த 22 குஞ்சுகளில் ஒன்றுகூடப் பெட்டை இல்லை.

எங்கள் வீடு ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் நாட்டுக்கோழி உண்டு. ஆனால் நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். மாமியாருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நாள் தவறாமல் வீட்டு முட்டை கொடுக்க வேண்டும் என்ற ஆசையில், அடை உட்காராத முட்டைக்கோழி ரகமாகப் பார்த்து வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

சேலத்தில் ஒரு வாரச்சந்தைக்கு வெளியே, சாலையோரமாக நிறுத்திய சரக்கு ஆட்டோவில் அந்த வியாபாரி குஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். வெள்ளை இறகு முளைத்து, ஆங்காங்கே மஞ்சள் பூ மயிர் மிச்சமிருந்த குஞ்சுகள். கலந்து எடுத்தால் ஒன்று 40 ரூபாய், பெட்டையாகப் பொறுக்கிக் கொடுத்தால் 75 ரூபாய் என்றார். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். உடனே ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, அதன் வலது இறக்கையை இரண்டு விரல்களால் விசிறிபோல் விரித்து, “பாருங்க அக்கா, இறகு எவ்வளவு நீளம். நீளமா இருந்தா பெட்டை, குட்டையா இருந்தா சேவல். பண்ணையில இப்படித்தான் பிரிக்கிறாங்க” என்றார். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, விரித்து, என்னிடம் காட்டிக் காட்டித்தான் அட்டைப்பெட்டிக்குள் விட்டார். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பொறுமைதான் என்னை நம்ப வைத்தது.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. பொரிப்பகங்களில் இறக்கை பார்த்துப் பிரிக்கும் முறை உண்மையிலேயே உள்ளது. குஞ்சு பொரித்த முதல் ஓரிரு நாட்களுக்குள் இறக்கையை விரித்தால் இரண்டு வரிசையாக இறகு முளைகள் தெரியும். கீழ்வரிசை மேல்வரிசையைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை, இரண்டும் ஒரே அளவாகவோ கீழ்வரிசை குட்டையாகவோ இருந்தால் சேவல். ஆனால் இது எல்லாக் குஞ்சுக்கும் பொருந்தாது. இறகு மெதுவாக முளைக்கும் தாய்க்கோழியையும் விரைவாக முளைக்கும் சேவலையும் திட்டமிட்டுச் சேர்த்து உருவாக்கிய ரகத்தில் மட்டுமே இந்த வேறுபாடு வெளிப்படும். சில நாட்கள் கடந்துவிட்டால் சேவல் குஞ்சின் இறகும் வளர்ந்துவிடும் என்பதால் அந்த ரகத்திலும் அடையாளம் மறைந்துபோகும். இருபது நாள் குஞ்சின் இறக்கையை யார் விரித்தாலும் நீளமாகத்தான் இருக்கும். அவர் என்னிடம் காட்டிய 24 இறக்கைகளும் நீளமாக இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் ஏறி வந்து சேர்ந்தபோது மலையில் சாரல் பிடித்திருந்தது. கீழே சேலத்து வெக்கையில் இருந்த குஞ்சுகளுக்கு இந்தக் குளிர் ஆகாது என்பதால் 100 வாட் குண்டு பல்பு போட்டு, சாக்கைச் சுற்றிக் கட்டி வைத்தேன். அப்படியும் முதல் வாரத்தில் இரண்டு விறைத்துப்போயின. மற்றவற்றை என் மகள்தான் தண்ணீர் மாற்றி, தவிடு விரித்துக் காப்பாற்றினாள். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு இரண்டாம் தவணைச் சொட்டு மருந்தும் கண்ணில் விட்டோம். பெட்டை என்ற நம்பிக்கையில் செய்த செலவும் உழைப்பும் இவை.

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்திலேயே, அதாவது குஞ்சுகளுக்கு ஆறு வாரம் ஆனபோதே, கொண்டைகள் நிமிர்ந்து சிவக்கத் தொடங்கின. தாடையின் கீழே தாடியும் சிவப்பாகத் தொங்கத் தொடங்கியது. கலக்கத்தோடு வியாபாரிக்குத் தொலைபேசியில் பேசினேன். “முட்டைக்கோழி ரகத்துக்குக் கொண்டை பெருசாத்தான் அக்கா இருக்கும், பயப்படாதீங்க” என்றார். இதுவும் பாதி உண்மை. வெள்ளை லெகார்ன் என்ற முட்டைக்கோழி வகையில் பெட்டைக்கும் பெரிய கொண்டைதான், முட்டையிடும் கோழிக்கு அது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். ஆனால் பெட்டையின் கொண்டை பெரிதாகிச் சிவப்பது முட்டையிடும் பருவம் நெருங்கும்போதுதான், ஏறத்தாழ நாலாவது மாதத்தில். ஆறு வாரத்தில் சிவந்த கொண்டை சேவலுக்கு உரியது. கொண்டையின் அளவை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், எந்த வயதில் சிவக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாவது வாரத்தில் ஒரு விடியற்காலை, கூண்டுக்குள்ளிருந்து தொண்டை அடைத்த குரலில் ஒரு கூவல் வந்தது. அடுத்த சில நாட்களில் ஒன்றைப் பார்த்து ஒன்றாகக் கூவத் தொடங்கின, ஒன்றையொன்று கொத்தி இரத்தக்காயம் ஆக்கின. வியாபாரியின் எண் அதன்பின் எடுக்கப்படவே இல்லை.

இரண்டு கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் பார்த்ததும், “அம்மா, இவை முட்டைப்பண்ணை ரகத்தின் சேவல்கள், பொரித்த அன்றைக்கே கழிக்கப்பட்டவை” என்றார். முட்டைப்பண்ணைக்குப் பெட்டை மட்டும்தான் தேவை. அந்த ரகத்துச் சேவல் முட்டையும் தராது, கறிக்கோழியைப்போல எடையும் போடாது. எனவே பொரிப்பகங்கள் முதல் நாளே சேவல் குஞ்சுகளைப் பிரித்து ஒதுக்கிவிடுகின்றன. ஒதுக்கியவற்றில் ஒரு பகுதி மிகக் குறைந்த விலைக்கு வெளியே வருகிறது. திருவிழாக்களில் பச்சை, ஊதா, சிவப்புச் சாயம் ஏற்றி விற்கப்படுபவை பெரும்பாலும் இவைதாம். என்னிடம் வந்தவை சாயம் ஏற்றாமல், மூன்று வாரம் வளர்க்கப்பட்டு, பெட்டை என்ற பெயரில் வந்தவை.

தெரியாமல் நடந்த தவறாக இருக்கலாமே என்று சில உறவினர்கள் சொன்னார்கள். நானும் அப்படி நினைக்கத்தான் முயன்றேன். பிரிக்காத குஞ்சுகளில் பாதிக்குப் பாதி பெட்டை இருக்கும். எடுத்த 22 குஞ்சும் தற்செயலாகச் சேவலாக அமைய, ஏறத்தாழ 42 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஆகவே வியாபாரியின் ஆட்டோவில் பெட்டையே இருக்கவில்லை, அது அவருக்குத் தெரிந்திருந்தது. கலந்து எடுத்தால் 40 ரூபாய் என்று அவர் சொன்னதும் பொய்தான், ஏனெனில் கலப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

குஞ்சுக்கு 1,800 ரூபாய், தீவனம் ஒன்றரை மூட்டை, மருந்து, மின்சாரம் என்று கிட்டத்தட்ட 5,000 ரூபாய் போனது. பத்து வாரம் தின்றும் எந்தக் கோழியும் முக்கால் கிலோவைத் தாண்டவில்லை. கறிக்கடைக்காரர் எலும்பும் தோலும்தான் என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். பெயர் வைத்து வளர்த்த பிள்ளைகள் அன்று சாப்பிடவில்லை. பணத்தைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

இதற்குப் பின் எங்கள் தெருவில் ஐம்பது ஆண்டுகளாகக் கோழி வளர்க்கும் ஆயா ஒருவர் எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். தம்முடைய மூன்று மாத நாட்டுக்கோழிகளில் இரண்டைக் கொடாப்பிலிருந்து எடுத்து, வாலுக்குச் சற்று முன்னால், முதுகு முடியும் இடத்தில் இருக்கும் இறகை விலக்கிக் காட்டி, “கொண்டையப் பாக்காத கண்ணு, இதப் பாரு” என்றார். ஒன்றின் இறகு நுனி விரல் நகத்தைப்போல வட்டமாக, மங்கலாக இருந்தது, அது வெடைக்கோழி. மற்றதன் இறகு ஒடுங்கி, ஈட்டி முனைபோலக் கூர்மையாக, வெயிலில் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது, அது சேவல். கழுத்து இறகிலும் இதே வேறுபாடு தெரிந்தது. சேவலின் கால் தடித்தும் இருந்தது. சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டுக்கோழி வகைகளில் கொண்டை சிறிதாகவே அமைவதால், மூன்று மாதத்தில் இந்த இறகுதான் நம்பகமான அடையாளம். அதற்கு முன் தைரியமாக நின்றால் சேவல், தலைகீழாகப் பிடித்தால் துடிப்பது சேவல் என்பதெல்லாம் ஊகமே.

பொரித்த அன்றே துல்லியமாகச் சொல்லும் முறையும் இருக்கிறது. எச்சம் போகும் துவாரத்தை மெல்லத் திறந்து உள்ளே இருக்கும் மிகச் சிறிய புடைப்பைப் பார்ப்பது, 1920களில் ஜப்பானில் உருவாகி உலகெங்கும் பரவியது. அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும், குஞ்சும் ஒரு நாள் வயதுடையதாக இருக்க வேண்டும். சாலையோரத்தில் நாம் செய்து பார்க்கக் கூடாது, குஞ்சின் குடல் காயப்பட்டுவிடும்.

இன்னொரு பேச்சையும் இங்கே சொல்ல வேண்டும். இன்குபேட்டரில் வெப்பத்தைக் கூட்டிக் குறைத்துப் பெட்டையாகவே பொரிக்க வைக்கிறோம் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். கோழி இனத்தில் குஞ்சு சேவலா பெட்டையா என்பது தாய்க்கோழியிடமிருந்து வரும் குரோமோசோமால், முட்டை இடப்படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதன்பின் வெப்பத்தால் அதை மாற்ற இயலாது, தவறான வெப்பத்தில் கருதான் சாகும். கூர்நுனி முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்ற நம்பிக்கையிலும் வாங்காதீர்கள்.

பெட்டைதான் வேண்டும் என்றால் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கோழியாகப் பார்த்து, இறகை விலக்கிப் பார்த்து வாங்குங்கள். குஞ்சாகத்தான் வேண்டும் என்றால் பாதி சேவலாகும் என்று கணக்கிட்டு, கலந்த விலைக்கு மட்டும் வாங்குங்கள். எந்த ரகம் இந்தக் குளிருக்குத் தாங்கும் என்பதைச் சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். பெட்டை என்று உறுதி சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம், ‘பெட்டை’ என்ற சொல்லும் எண்ணிக்கையும் எழுதிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லாததால் நான் எங்கும் போக முடியவில்லை.

அதே சரக்கு ஆட்டோ இந்த மாதமும் சேலத்தில் வேறொரு சந்தைக்கு அருகே நின்றதாக உறவினர் ஒருவர் சொன்னார். வெள்ளைக் குஞ்சுகள், இருபது நாள் வயது, இறக்கையை விரித்துக் காட்டுகிறாராம்.