கேம்பர் வேன்ல ரெண்டு பேட்டரி: சில வருஷம் ஓட்டினப்புறம் சொல்றேன்

திருவொற்றியூர்ல என் கேம்பர் வேனை, அதாவது உள்ளயே தங்கித் தூங்குற வண்டியை, எட்டிப் பாக்குறவங்க பாதி பேர் ரெண்டாவது பேட்டரியை ஸ்பேர்னு நெனைச்சிக்கிறாங்க. ஸ்பேர் இல்லீங்க, வேலையே வேற. செல்ஃப் அடிக்கிற பேட்டரி சில செகண்டுக்கு நூத்துக்கணக்குல ஆம்பியர் தள்ளிட்டு டைனமோகிட்ட (ஆல்டர்னேட்டர்னு சொல்றதும் இதைத்தான்) திருப்பி வாங்கிக்கும், பிளேட்டு மெல்லிசு, ராத்திரி பூரா ஃபேன் ஃப்ரிட்ஜுன்னு அதை உறிஞ்சினா காலைல வண்டி எடுக்காது, பேட்டரியும் சீக்கிரம் படுத்துடும். பின்னாடி இருக்குற ஹவுஸ் பேட்டரி, அதாவது ஃபேன் ஃப்ரிட்ஜுக்கான ரெண்டாவது பேட்டரி, மெதுவா ரொம்ப நேரம் குடுக்குறதுக்கு. நம்மது 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12.8 வோல்ட், ஆக 1280 வாட் ஹவர். அதே 100 லெட் ஆசிட்ல வாங்கினா பாதிக்கு மேல இறக்கக்கூடாது, இறக்கினா ஆயுசு போச்சு. லித்தியம் விலை ஜாஸ்தின்றவங்க இதையும் சேத்து கணக்கு போடுங்க.

எல்லாரும் பேட்டரி என்ன பிராண்டுன்னுதான் கேக்குறாங்க, ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல சார்ஜைக் கடத்துற சாமானைப் பத்தி ஒருத்தரும் கேக்கல. என்னைக் கேட்டா சிஸ்டமே அதுதான். ராயபுரத்து ஃப்ரெண்டு ஒருத்தன் பழைய வேன்ல ரெண்டும் லெட் ஆசிட், நடுவுல வோல்டேஜ் பாத்து வேலை செய்ற ரிலே (தானியங்கி சுவிட்ச்), 13.3 வோல்ட் கிட்ட ஏறினா ரெண்டையும் சேக்கும், 12.8 கிட்ட இறங்கினா பிரிச்சிடும், அவ்ளோதான். அவனுக்கு அது தாராளம், காசும் கம்மி. என் வண்டி பிஎஸ் 6 (புகை விதிக்கான தரம்), ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், முன்னாடி பேட்டரி ரொம்பிடுச்சுன்னா டீசல் மிச்சம் புடிக்க வோல்டேஜை தானே இறக்கிக்கும், அந்த ரிலேவைப் போட்டா வண்டி ஓடிட்டு இருக்கும்போதே பிரிஞ்சிடும். லித்தியத்துக்கு 14.2லேர்ந்து 14.6 வரைக்கும் வேணும், அதுவும் நேரா மாட்டினா கரன்டை அள்ளிக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகி செத்துடும். அதனால டிசி டு டிசி சார்ஜர், 30 ஆம்பியர். எவ்ளோ இழுக்கணும்னு அது வரம்பு கட்டிடும், வோல்டேஜையும் ஏத்திக் குடுக்கும்.

ரோடு காலியா இருந்தா ரெண்டு மணி நேரத்துல 60 ஆம்பியர் ஹவர் கிட்ட ஏறிடும். ஆனா எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க நடுவுல மாட்டினா அந்த கணக்கு உதைக்கும், ஐட்லிங்ல டைனமோ கம்மியாதான் குடுக்கும், பழவேற்காடு போறதுக்குள்ள ரொம்பிடும்னு நம்பாதீங்க.

வெளிநாட்டு வீடியோல எல்லாம் 0 டிகிரிக்கு கீழ லித்தியத்தை சார்ஜ் பண்ணாதேன்னு பயமுறுத்துவாங்க, மெட்ராஸ்ல அது எதுக்கு? இங்க பிரச்சனை மே மாச வெயில், சூடு ஏறினா பேட்டரிக்குள்ள இருக்குற பிஎம்எஸ், அதான் பேட்டரியைப் பாதுகாக்குற சர்க்யூட், சார்ஜை நிறுத்திடும், அதனால சீட்டுக்கு அடியில காத்து போற மாதிரி விட்டிருக்கேன். அப்புறம் கடக்காத்து. வயர் முனைல இருக்குற காப்பர் லக்கெல்லாம் பச்சையா பூத்துடும், தொடைச்சி வாஸ்லின் தடவிட்டே இருக்கணும்.

ஃபியூஸ் மட்டும் ஒரு பக்கம் போட்டா போதும்னு எந்த எலக்ட்ரீசியன் சொன்னாலும் கேக்காதீங்க. ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல போற வயருக்கு ரெண்டு முனையிலயும் பேட்டரி, எந்தப் பக்கம் தேய்ஞ்சி பாடில பட்டாலும் அந்தப் பக்கத்து பேட்டரிலேர்ந்து கரன்ட் பாயும். ரெண்டு பேட்டரிகிட்டயும் ஒவ்வொண்ணு, வயரு தாங்குற அளவுக்கு மேல போகாத ஃபியூஸா பாத்து போடுங்க.