ரவுட்டரை மாற்றுவதற்கு முன்: உப்புவெளியில் ஒரு நீண்டகாலப் பாவனை

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில், நிலாவெளி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் எங்கள் வீட்டில் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் ஒரு சாதாரண ஏடிஎஸ்எல் ரவுட்டர் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. தொலைபேசி இணைப்போடு சேவை நிறுவனம் தந்ததுதான். வெள்ளையாக இருந்த மேனி மஞ்சளாகிவிட்டது. இரண்டு அன்டெனாக்களில் ஒன்று எப்படி நிமிர்த்தினாலும் மெல்லச் சாய்ந்து படுத்துவிடும். இணையம் அடிக்கடி அறுந்துபோகும் வீடு என்று உறவுக்குள் எங்களுக்கு ஒரு பெயரே இருந்தது. புது ரவுட்டர் வாங்கு என்று சொல்லாத ஆள் இல்லை. நான் வாங்கவில்லை. பிடிவாதம் கொஞ்சம் உண்டு என்றாலும், அறுந்துபோன தடவைகளில் ரவுட்டரின் குற்றம் மிகக் குறைவு என்பதுதான் உண்மையான காரணம்.

எங்கள் ஊரில் இணையம் அறுவதற்கும் பருவகாலம் உண்டு. ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினால் ஒருவிதமாக அறும். சித்திரைக்குப் பிறகு கச்சான் வீசி, வெள்ளைக்காரர்கள் கடற்கரை விடுதிகளில் நிறையும் காலத்தில் வேறுவிதமாக அறும். கைபேசியில் தெரிவதோ இரண்டுக்கும் ஒரே வட்டம், சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எல்லோரும் ரவுட்டரின் சுவிட்சை அணைத்துப் போடுகிறார்கள். சில வேளை சரியாகிறது. ஏன் சரியானது என்று யாருக்கும் தெரிவதில்லை.

சுவிட்சில் கை வைப்பதற்கு முன் விளக்குகளைப் பார்ப்பது நல்லது. டிஎஸ்எல் விளக்கு அணைந்தோ சிமிட்டியோ இருந்தால் தெருக்கம்பியோடு தொடர்பு போய்விட்டது. அது நிலையாக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் கம்பி நலம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழையும் கட்டத்தில், அல்லது நிறுவனத்தின் பக்கத்தில் சிக்கல். எல்லா விளக்கும் எரிகிறது, கைபேசியில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் வீட்டுக்குள்ளே வைஃபையைப் பார்க்க வேண்டும்.

நாம் பார்க்காத நேரத்தில் அறுந்து தானாக ஒட்டிக்கொள்ளும் இணைப்புக்கு இது போதாது. அதற்கு உலாவியில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் பக்கத்துக்குள் போக வேண்டும். பல ரவுட்டர்களுக்கு இதுதான் முகவரி. இல்லாவிட்டால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். அங்கே நிலைமைப் பக்கத்தில் ரவுட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று ஒரு கணக்கும், டிஎஸ்எல் எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறது என்று இன்னொரு கணக்கும் இருக்கும். முதல் கணக்கே பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தால் பெட்டி தானாக அணைந்து எழும்பியிருக்கிறது: மின்சாரம் அல்லது அடப்டர். முதல் கணக்கு நீண்டிருக்க, இரண்டாவது மட்டும் சில நிமிடங்களைக் காட்டினால் கம்பியைச் சந்தேகிக்கலாம். இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் ரவுட்டர் வாங்கப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

மாரிகாலத்துக் கதை எங்கள் வீட்டில் தொலைபேசி மணியோடுதான் தொடங்கியது. கனடாவிலிருந்து சித்தி வீட்டுத் தொலைபேசிக்குத்தான் எடுப்பார். கைபேசியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. மணி அடித்த கணமே உள் அறையிலிருந்து மகள், "அப்பா, போய்விட்டது!" என்று கத்துவாள். போய்ப் பார்த்தால் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்த நாட்களில் இது தவறாமல் நடந்தது. வெயில் நாட்களில் எப்போதாவதுதான்.

ஒரே செம்புக் கம்பியில் குரலும் இணையமும் சேர்ந்து வருகின்றன. குரல் 4 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே அடங்கிவிடும். ஏடிஎஸ்எல் அதற்கு வெகு மேலே தொடங்கி, பிந்திய வகையில் 2.2 மெகாஹேர்ட்ஸ் வரை போகும். இரண்டையும் பிரித்துவிடும் சிறு பெட்டிதான் ஸ்பிளிட்டர். தொலைபேசி சும்மா கிடக்கும்போது கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் நேரோட்ட அழுத்தம் நிற்கும். மணி அடிக்கும்போது அதைவிட உயர்ந்த ஆடலோட்ட அழுத்தம் மேலேறும். ஸ்பிளிட்டர் பழுது என்றாலும், வழியில் எங்காவது ஒரு பொருத்து தளர்ந்திருந்தாலும், அந்த அதிர்ச்சியை இணையம் தாங்காது. தொலைபேசியைக் கழற்றிவிட்டு ரவுட்டரை மட்டும் சுவர்ப் பெட்டியில் நேரே கொழுவிப் பார்த்தேன். அறுவது குறைந்தது, நிற்கவில்லை. புது ஸ்பிளிட்டர் போட்டுத் தொலைபேசியை மீண்டும் கொழுவினேன். சித்தி எடுத்தார், இணையம் போனது. அப்படியென்றால் குற்றவாளி வெளியில்.

வெளியில் என்பதை உறுதிசெய்யச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. கைபிடியை எடுத்து ஏதாவது ஓர் இலக்கத்தை அழுத்தினால் டயல் ஒலி அடங்கிவிடும். அந்தச் சில விநாடி அமைதியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். சுத்தமான கம்பியில் ஒன்றும் கேட்காது. எங்கள் கம்பியில் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் வந்தது.

முறைப்பாடு செய்து, ஒரு தம்பி ஏணியோடு வந்தார். தூணிலிருந்து வரும் கம்பி எங்கள் தென்னை மரத்தை உரசிக்கொண்டு வந்து, கூரை விளிம்பின் கீழ் ஒரு சிறிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் நுழைகிறது. பெட்டியின் மூடி வெயிலில் வெடித்திருந்தது. திறந்ததும் முதலில் சிவப்பு எறும்புகள் கொட்டின. அவற்றைத் தட்டிவிட்டுப் பார்த்தால், இரண்டு கம்பி நுனிகளும் வெறுமனே முறுக்கி நாடா சுற்றப்பட்டிருந்தன. நாடாவை உரித்தபோது செம்பு தெரியவில்லை. பச்சைக் களிம்புதான் தெரிந்தது. விரலால் தொட்டதும் ஒரு நுனி முறிந்து கையோடு வந்துவிட்டது. "அண்ணா, உப்புக்காற்று. கடற்கரைப் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான்" என்றார் தம்பி. அவர் பழுதான நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே ஜெல் நிரம்பிய பொத்தான் அளவு இணைப்பிகளைப் பையிலிருந்து எடுத்தார். கம்பியின் தோலை உரிக்க வேண்டியதில்லை. இரண்டு நுனிகளையும் உள்ளே செருகிக் குறட்டால் அழுத்தினால் உள்ளிருக்கும் உலோகத் தகடு தோலைக் கிழித்துச் செம்பைக் கவ்விக்கொள்ளும். ஜெல் சுற்றி நின்று ஈரத்தைத் தடுக்கும். வேலை முடிய ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. போகும்போது கம்பியைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றினார். மழைநீர் கம்பி வழியே ஓடிப் பெட்டிக்குள் புகாமல் வளைவிலேயே சொட்டிவிடுமாம். இதை ஆரம்பத்திலேயே செய்திருந்தால் எத்தனை வாடைகாலம் நிம்மதியாகப் போயிருக்கும்.

வேறுபாடு எண்ணிலும் தெரிந்தது. ரவுட்டரின் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஓர் எண் டெசிபெலில் இருக்கும். இரைச்சலுக்கு மேல் சமிக்ஞைக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்பதன் கணக்கு அது. 6 க்குக் கீழே இறங்கினால் இணைப்பு தள்ளாடத் தொடங்கும். எங்களுக்கு மழை இரவுகளில் 3, 4 என்று கிடந்தது, பொருத்து மாற்றிய பிறகு 10 ஐ ஒட்டி நிற்கிறது. பக்கத்திலேயே இருக்கும் அட்டனுவேஷன் எண், அதாவது வழியில் சமிக்ஞை எவ்வளவு தேய்கிறது என்ற கணக்கு, பெரும்பாலும் தூரத்தைப் பொறுத்தது. அதை நாம் எதுவும் செய்ய முடியாது. முறைப்பாடு கொடுக்கும்போது "இன்டர்நெட் வேலை செய்யவில்லை" என்று சொன்னால், அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்ற பதில்தான் வரும். மார்ஜின் இவ்வளவு, மணி அடித்தால் அறுகிறது, கம்பியில் சத்தம் இருக்கிறது என்று சொன்னால் ஏணி வரும்.

அடுத்தது மின்சாரம். 2022 இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் 13 மணி நேரத்தைத் தொட்ட நாட்களில் பலரைப் போல நானும் ரவுட்டருக்கென்று சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். நல்ல பொருள், பரிந்துரைக்கிறேன். ஆனால் நீண்ட வெட்டுகளில் ரவுட்டர் எரிந்துகொண்டிருக்க டிஎஸ்எல் விளக்கு அணைந்துவிடும். தொலைபேசி நிறுவனத்தின் தெருவோரத்து அலுமாரியில் இருக்கும் கருவிகளுக்கும் மின்கலம்தானே, அதுவும் தீர்ந்துபோகிறது. மின்சாரம் விட்டு விட்டு வந்த அந்தக் காலத்தில்தான் அடப்டரும் களைத்தது. மாலையில் எல்லோரும் வைஃபையில் ஏறும்போது பெட்டி தானாக அணைந்து எழும்பும். மல்டிமீற்றரில் வெறுமனே அளந்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டியது. உள்ளிருக்கும் மின்தேக்கிகள் கெட்டால் சுமை ஏறும்போதுதான் அழுத்தம் விழும். சும்மா அளந்தால் பிடிபடாது. பழைய அடப்டரில் இருந்தது போலவே 12 வோல்ட், 1 அம்பியர், முனையின் நடுப்பகுதி நேர் என்று பார்த்து நகரத்தில் ஒன்று வாங்கினேன். அம்பியர் கூடினாலும் பரவாயில்லை, வோல்ட் மாறக் கூடாது. அந்த நோய் அத்தோடு தீர்ந்தது. இடி இடிக்கும் பின்னேரங்களில் அடப்டரையும் தொலைபேசிக் கம்பியையும் இரண்டையுமே கழற்றுகிறோம். மின்னல் கம்பி வழியாகவும் வரும். மின்சாரத்தை மட்டும் கழற்றுவது பாதிப் பாதுகாப்பு.

கோடைக்காலத்துச் சிக்கலில் டிஎஸ்எல் விளக்கு அசையாது. பக்கத்து விடுதியில் அறைகள் நிறையும். அவர்கள் மாடிக்கு ஒன்றாக வைஃபை வைத்திருக்கிறார்கள். எங்கள் ரவுட்டருக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். அதில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். கைபேசியில் வைஃபை அலசும் இலவசச் செயலி ஒன்றால் பார்த்தால் விடுதிக்காரர் முழுப்பேரும் 6 இல் குந்தியிருந்தார்கள். நான் தானியங்கித் தெரிவை நிறுத்தி 11 க்குப் போனேன், சனலின் அகலத்தையும் 20 மெகாஹேர்ட்ஸாகக் குறைத்தேன். ரவுட்டர் இருந்த இடமும் மோசம்: அம்மாவின் இரும்பு அலுமாரிக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே. இரும்பு வைஃபையை மறைக்கும். தகரம் வைகாசி வெயிலை அப்படியே இறக்கும். வீட்டு ரவுட்டர்கள் பொதுவாக 40 பாகை வரைதான் தாங்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்படுகின்றன. கூடத்துச் சுவரில், ஆளுயரத்தில் மாட்டிய பிறகு இரண்டு குறையும் போனது. அலுமாரியை நகர்த்தலாமா என்று அம்மாவிடம் கேட்கவே இல்லை.

செய்திப் பரிமாற்றம் போகும், இணையப் பக்கங்கள் மட்டும் திறக்காது என்ற விசித்திர நிலைமை வந்தால் தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை ரவுட்டரின் பக்கத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். எங்களுக்கு அபூர்வமாகத்தான் தேவைப்பட்டது.

இத்தனைக்கும் பிறகு ரவுட்டரை மாற்றத்தான் போகிறேன், அறுவதற்காக அல்ல. அதற்கு மென்பொருள் புதுப்பிப்பு வருவது எப்போதோ நின்றுவிட்டது. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் யாரும் அடைக்கப்போவதில்லை. இந்த வாசலில் ஓடும் செம்பின் வேகமும் மகளின் வகுப்புகளுக்குப் போதவில்லை.

உவர்மலையில் அக்கா வீட்டில் ஃபைபர். கண்ணாடி இழையில் களிம்பு ஏறாது, மணி அடித்தால் அறாது. தொலைபேசி நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி இல்லாததால், மின்வெட்டில் வீட்டு யூபிஎஸ் தாங்கும்வரை பெரும்பாலும் இணையமும் தாங்குகிறது. அதற்கும் ஒரு நோய் உண்டு: எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அத்தான் மேசையைச் சுவரோடு தள்ளியபோது மேசைக்கால் கேபிளை மடித்துவிட்டது, சிவப்பு எரிந்தது. மடிப்பை நிமிர்த்தியதும் அணைந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது, உள்ளே இழை முறிந்தால் ஆள் வந்து புதிதாக ஒட்ட வேண்டும். ஃபைபர் பெட்டியின் பக்கத்தில் ஒளியின் வலுவும் எண்ணாகத் தெரியும். -27 டிபிஎம் அளவுக்கு இறங்கினால் விளிம்பில் நிற்கிறது. -20 ஐ ஒட்டியிருந்தால் கவலையில்லை.

பொருத்த வருகிறவர்கள் கேபிள் எந்தச் சுவர் வழியாக உள்ளே வர வேண்டும் என்று கேட்பார்கள். அவசரத்தில் வாசல் கதவுக்குப் பக்கத்தைக் காட்டிவிட வேண்டாம். ரவுட்டர் எங்கே தொங்கப்போகிறது, பக்கத்தில் மின்சொக்கெட் இருக்கிறதா, கதவும் மேசையும் கேபிளை நசுக்குமா என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். பொருத்திய பிறகு நகர்த்துவதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.